500 வாட் ஸ்டிக்கரை நம்பி 5070-ஐ மாட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். தூத்துக்குடியில் இருந்து எழுதுகிறேன். 2022-ல் ஒரு பிசி அசெம்பிள் செய்தேன். இன்டெல் ஐ5-12400எஃப், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்டு டிஸ்க். எஸ்எம்பிஎஸ் (பிசிக்குப் பவர் கொடுக்கும் பெட்டி) கேபினட்டோடு சேர்ந்தே வந்தது, 500 வாட் என்று போட்டிருக்கிறது. இப்போது போனஸ் பணத்தில் ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. கார்டு வாங்கிய கடையில், 1000 வாட் எஸ்எம்பிஎஸ் இல்லாமல் கையை வைக்காதே என்கிறார்கள். என் அத்தை மகனோ 500 தாராளம், இரண்டு மோலெக்ஸ் கன்வெர்ட்டர் (பழைய 4 பின் பவர் வயரைக் கார்டுக்கு மாற்றிக் கொடுப்பது) வாங்கிப் போட்டால் ஓடிவிடும் என்கிறான். கையில் மிச்சம் இருப்பது ஏழாயிரம் ரூபாய். சாயந்திரம் எங்கள் தெருவில் வோல்டேஜ் நன்றாக இறங்கும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அப்புறம், வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. அது எஸ்எம்பிஎஸ் கோளாறா? அதன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: ஸ்டிக்கர் போட்டோ அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நானும் '500 வாட்' என்ற எண்ணை வைத்துத்தான் பேசிக்கொண்டிருப்பேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டை மாட்டவே கூடாது. 1000 வாட்டும் வேண்டாம். நல்ல 650 வாட் ஒன்று போதும், உங்கள் ஏழாயிரத்துக்குள் முடியும். ஆனால் உங்கள் கரன்ட் பிரச்சினை எஸ்எம்பிஎஸ்ஸோடு முடியவில்லை. சுவர் பிளக்கில் இருந்து கார்டு வரைக்கும் மொத்தமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஸ்டிக்கர். பெரிய எழுத்தில் உள்ள 500-ஐ விட்டுவிட்டு, கீழே கட்டம் போட்டிருக்கிறதே, அதைப் பாருங்கள். 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று இருக்கிறது. இன்றைய பிசியில் ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது கிட்டத்தட்ட எல்லாமே அந்த 12 வோல்ட் லைனில் இருந்துதான். மற்ற இரண்டும் யுஎஸ்பி, எஸ்எஸ்டி மாதிரி சில்லறைச் செலவுக்கு. எனவே 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். உங்கள் பிசிக்குப் பயன்படக்கூடிய பவர் அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு மற்ற லைன்களையும் கூட்டிப் பார்த்தேன். 3.3 வோல்ட்டில் 66 வாட், 5 வோல்ட்டில் 110 வாட். மூன்றையும் சேர்த்தால் 392. ஸ்டாண்ட்பை லைனில் உள்ள பத்து வாட்டையும் மைனஸ் 12 வோல்ட்டில் உள்ள நாலு வாட்டையும் போட்டாலும் 406-தான் வருகிறது. அதாவது அந்த ஸ்டிக்கரே சொல்கிறது, தான் 500 வாட் இல்லை என்று! கேபினட்டோடு 'ஃப்ரீ'யாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் இது புதிதல்ல. ஒழுங்கான 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக 54 ஆம்பியர் என்று இருக்கும், பெருக்கினால் 648 வாட். பெட்டியில் போட்ட எண்ணும் 12 வோல்ட் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நேர்மையான சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட்டை இரண்டு மூன்று லைனாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அவற்றின் ஆம்பியரை நீங்களாகக் கூட்டக்கூடாது. பக்கத்திலேயே 12 வோல்ட்டுக்கான மொத்த வாட் தனியாக இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் இவ்வளவு நாள் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட்தான் வேண்டும், அதை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். அதனால்தான் அந்தக் கார்டின் பல மாடல்களுக்குத் தனி பவர் கனெக்டரே கிடையாது. கேம் ஆடும்போது ப்ராசசர் ஒரு 60, 70 வாட், மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு 40 என்று வைத்தால் மொத்தம் 180-ஐ ஒட்டி நின்றிருக்கும். 216-க்குள் 180. தப்பித்தீர்கள்.

இப்போது வந்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 5070-க்கு, அதன் சிப்பைத் தரும் என்விடியா நிறுவனம் சொல்லும் அளவு 250 வாட். கார்டு ஒன்றே உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் மொத்த 12 வோல்ட் பவரையும் தாண்டுகிறது. இதற்கு மேல் அத்தை மகனோடு வாக்குவாதமே தேவையில்லை. ஆனால் அவர் சொன்ன மோலெக்ஸ் கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். கன்வெர்ட்டர் வயர் புதிதாகப் பவர் எதையும் உண்டாக்காது. எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? இருக்கும் பவரையும் மெல்லிய வயர் வழியாக, இவ்வளவு கரன்ட்டுக்குச் செய்யப்படாத பின்கள் வழியாகத்தான் இழுக்கும். இதைவிட மோசம், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிளை கார்டுக்கு மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் 4.5 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை, அதாவது 54 வாட். அதை 150 வாட் தரவேண்டிய 8 பின் கனெக்டராக மாற்றினால் பிளாஸ்டிக் உருகத்தான் செய்யும். கடையில் நூறு ரூபாய்க்குத் தொங்குகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

சரி, கணக்கு. 12400எஃப் ப்ராசசருக்கு இன்டெல் போட்டிருக்கும் அடிப்படை அளவு 65 வாட், முழு வேகத்தில் ஓடினால் 117 வாட் வரை போகலாம். கார்டுக்கு 250. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 60 என்று தாராளமாகவே வைப்போம். மொத்தம் 427. இது எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடினால் வரும் கணக்கு. கேம் ஆடும்போது ப்ராசசர் அந்த 117-ஐத் தொடுவது அபூர்வம், நடைமுறையில் 350-இல் இருந்து 390-க்குள் இருக்கும். 650 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் உச்சத்திலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். என்விடியாவும் இந்தக் கார்டுக்கு 650 வாட்தான் பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையே உங்களுடையதைவிடப் பெரிய ப்ராசசர்களுக்கும் இடம் விட்டுச் சொல்லப்பட்டது.

கடைக்காரர் சொன்ன 1000 வாட், 575 வாட் தின்னும் ஆர்டிஎக்ஸ் 5090-க்கு என்விடியா சொல்கிற அளவு. 5080-க்கே 850 போதும் என்கிறார்கள். 1000 வாட் மாட்டினால் கெடுதல் ஒன்றும் வராது, எஸ்எம்பிஎஸ் பிசி கேட்கிற அளவைத்தான் கொடுக்கும். கரன்ட் பில்லும் ஏறாது. ஆனால் உங்கள் ஏழாயிரத்தில் கிடைக்கும் 1000 வாட் எது என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு '500 வாட்'தான், எண் மட்டும் பெரியது.

பிறகு ஏன் கடைகளில் இப்படிப் பெரிய எண்ணாகச் சொல்கிறார்கள்? லாபம் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அதுவல்ல. 2020-ல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது ஒரு புதுத் தலைவலி வந்தது. கார்டு சராசரியாக 320, 350 வாட் எடுத்தாலும், மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை சட்டென்று இழுக்கும். நல்ல பெயர் வாங்கிய எஸ்எம்பிஎஸ்கள்கூட இதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்தன. கேம் நடுவில் பிசி படக்கென்று செத்துப்போகும், காரணம் புரியாது. அப்போது சர்வீஸ் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் பெரிய வாட்டாகப் போட்டுவிடு, புகார் வராது என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்னும் போகவில்லை.

அதற்கான சரியான மருந்து வந்து சில வருடம் ஆகிவிட்டது. 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதிமுறையில், கார்டுக்குப் பவர் கொடுக்கும் புதிய 16 பின் கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் தன் வாட் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்கியாக வேண்டும் என்று எழுதினார்கள். அதாவது 650 வாட் எஸ்எம்பிஎஸ் கண நேரத்துக்கு 1300 வாட் வரை கேட்டாலும் அணையக்கூடாது. அடுத்து வந்த ஏடிஎக்ஸ் 3.1, அந்தக் கனெக்டரைத் திருத்தியது. எனவே கடையில் நீங்கள் கேட்க வேண்டியது, "650 வாட், ஏடிஎக்ஸ் 3.1, 16 பின் கேபிள் நேரடியாக வருவது". இந்த மூன்றும் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். 3.0 கிடைத்தாலும் பரவாயில்லை, உங்கள் கார்டுக்கு அது போதும்.

கனெக்டர் உருகியது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்திருப்பீர்கள், பயமாகத்தான் இருக்கும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்ததுமே அதன் 16 பின் கனெக்டர் உருகிய படங்கள் வர ஆரம்பித்தன. கனெக்டரை முழுதாக உள்ளே தள்ளாமல் விட்டது பொதுவான காரணமாகத் தெரிகிறது என்று அடுத்த மாதம் என்விடியா சொன்னது. பழியை வாங்கியவர்கள் மேல் போடுகிறார்கள் என்று பலருக்குக் கோபம். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். சரியாக மாட்டாவிட்டால் உருகும் என்றால், சரியாக மாட்டாதபோது ஓடவே கூடாது என்றல்லவா கனெக்டரைச் செய்திருக்க வேண்டும்? பின்னால் வந்த 12வி-2×6 என்ற திருத்தத்தில் அதைத்தான் செய்தார்கள். கனெக்டரில் உள்ள நாலு சிறிய சென்ஸ் பின்களின் (கனெக்டர் மாட்டியிருப்பதைக் கார்டுக்குத் தெரிவிப்பவை) நீளத்தைக் குறைத்தார்கள். கடைசி வரை தள்ளினால்தான் அவை தொடும், தொட்டால்தான் கார்டு பவர் இழுக்கும்.

உங்கள் கார்டு அந்த ஆபத்தில் இருந்து நல்ல தூரத்தில் இருக்கிறது. இந்தக் கனெக்டரில் 12 வோல்ட்டைக் கொண்டுபோவது ஆறு பின்கள். 250 வாட் முழுவதும் இதன் வழியாகவே போனாலும் பின்னுக்கு மூன்றரை ஆம்பியர்தான் வரும். 5090-இல் அதே பின்னுக்கு எட்டு ஆம்பியர். ஆனாலும் மாட்டும்போது 'க்ளிக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள், டார்ச் அடித்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள், கனெக்டரின் கழுத்திலேயே கேபிளை மடக்காமல் ஒரு மூன்று நாலு சென்டிமீட்டர் நேராக வரவிட்டு அப்புறம் வளையுங்கள். கேபினட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்தக்கூடாது.

கார்டு பெட்டிக்குள் இரண்டு 8 பின்னை 16 பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்று இருக்கும். அது கார்டு கம்பெனியே தருவது, மேலே திட்டினேனே, அந்த வகை அல்ல. 16 பின் கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ் வாங்க நேர்ந்தால் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து இரண்டு தனித்தனி கேபிளாகக் கொண்டுவந்து மாட்டுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8 பின் தொங்குகிறதே என்று இரண்டையும் அதிலேயே செருகினால், எல்லாக் கரன்ட்டும் ஒரு கேபிளில் போகும். சிக்கல் என்னவென்றால், விலை குறைந்த 650 வாட் மாடல் பலவற்றில் அந்த ஒரு கேபிள்தான் இருக்கிறது. 16 பின் நேரடியாக வருவதை வாங்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது 80 பிளஸ். பிரான்ஸா (வெண்கலம்) கோல்டா (தங்கம்) என்று கடையில் கேட்பார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே. பாதி லோடில் பிரான்ஸ் சுமார் 85 சதவீதம், கோல்டு சுமார் 90. பிசிக்குள் 400 வாட் போகும்போது பிரான்ஸ் சுவரில் இருந்து 470 எடுக்கும், கோல்டு 444 எடுக்கும். தினமும் நாலு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாத பில்லில் ஆறு யூனிட் வித்தியாசம். அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கோல்டு என்றால் தரமானது என்று நினைப்பதும் பிசகு. ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்களும் கோல்டு முத்திரை வாங்கியவைதான். ஓவர்லோடு சோதனைகளில் அவை வெடித்து, பெரிய விவகாரமாகி, 2021 ஆகஸ்டில் அந்த நிறுவனமே ஓவர்லோடு பாதுகாப்பு செயல்படும் எல்லையைக் குறைத்து, பழைய பேட்ச்சை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதே நிறுவனத்தின் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் மோசம் என்று இதற்குப் பொருளல்ல. ஒரே பிராண்டில் தங்கமும் இருக்கும், தகரமும் இருக்கும். பிராண்டுப் பெயரை விட்டு மாடல் வரிசையைப் பார்க்க வேண்டும். பெரிய பிராண்டுகள் பலவும் சொந்தமாகத் தயாரிப்பதே இல்லை. கோர்சேரின் ஆர்எம்எக்ஸ் வரிசையைத் தைவானின் சேனல் வெல் செய்கிறது. சீசானிக் தானே தயாரிக்கும், மற்றவர்களுக்கும் செய்து தரும்.

வாரன்டி வருடம்தான் எனக்குப் பிடித்த அளவுகோல். ஆர்எம்எக்ஸ், சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் போன்றவற்றுக்குப் பத்து வருடம் தருகிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் ஐந்து வருட வாரன்டி உள்ள பிரான்ஸ் மாடல் தாராளமாக அடங்கும். தள்ளுபடி நேரத்தில் கோல்டும் கிடைக்கலாம், 750 வாட்டும் கிடைக்கலாம். விலை வித்தியாசம் ஐநூறுக்குள் என்றால் 750-ஐ எடுங்கள், நாளைக்கு 5070 டிஐ மாதிரி 300 வாட் கார்டுக்குப் போனாலும் இதுவே நிற்கும். ஒரு வருட வாரன்டி என்று போட்டிருந்தால், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் போட்டிருந்தாலும் வேண்டாம். பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் ஏறியிருக்கிறதா, சர்வீஸ் சென்டர் மதுரையிலா சென்னையிலா, அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்கலாம், ராம் வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் வேண்டாம்.

இனி உங்கள் தெரு வோல்டேஜ். பழைய ஸ்டிக்கரில் உள்ளீடு 200-240 வோல்ட் என்று இருக்கிறது. மாலையில் 180-க்கு இறங்கும் இடத்தில் அது திணறியிருக்கும். புதிதாக வாங்குவதில் 100-240 என்று போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான நல்ல மாடல்களில் அப்படித்தான், ஆனால் விலை குறைந்த சில பிரான்ஸ் மாடல்கள் 200-240 மட்டுமே ஏற்கும். உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை, ஸ்டிக்கரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 100-240 உள்ளது கிடைத்தால் லோ வோல்டேஜுக்காகத் தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. வோல்டேஜ் இறங்கினால் அது கொஞ்சம் கூடுதலாக ஆம்பியர் எடுத்துக்கொண்டு சமாளித்துவிடும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே போதும். 650 வாட் முழுதாக ஓடினாலும் 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியரைத் தாண்டாது.

யுபிஎஸ்தான் உங்களைத் தடுக்கப் போகிறது. 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அதன் உண்மையான திறன் பெரும்பாலும் 360 வாட். புதிய கார்டோடு பிசி சுவரில் இருந்து 420, 450 வாட் வரை இழுக்கும், மானிட்டர் தனி. கரன்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ் ஒரு நீளக் கூச்சல் போட்டுவிட்டு மொத்தமாக அணையும். யுபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். 1000 அல்லது 1100 விஏ, அதாவது 600 வாட்டுக்கு மேல் உள்ளது வேண்டும். அதிலும் பேட்டரியில் ஓடும்போது சைன் வேவ் (சுவர் கரன்ட் போன்ற சீரான அலை) தருவதாக இருந்தால் நல்லது. மலிவான யுபிஎஸ்கள் படிப்படியாக வெட்டிய அலையைத்தான் தரும். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட் (சுவர் கரன்ட்டைச் சீராக எடுக்க வைப்பது) பலவும் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில ஒத்துழைக்காமல் அணைந்துவிடும். வாங்கும் கடையில் மாட்டிக் காட்டச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

அதற்கு இப்போது பணம் இல்லை என்பது தெரிகிறது. அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்து, எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) மானிட்டரின் அளவுக்கு, 60 என்றால் 60-க்கு, பூட்டி வையுங்கள். வேகத்தில் சில சதவீதம்தான் போகும், கண்ணுக்குத் தெரியாது. வாட் நன்றாகவே இறங்கும், சில கேம்களில் 600 விஏ யுபிஎஸ்ஸே தாங்கிவிடும். பெரிய கேம் ஆடும்போது பிசியை நேரடியாகச் சுவர் பிளக்கில் போடுவதே மேல். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். பின்னால் யுபிஎஸ் மோடு, ஈகோ மோடு என்று ஸ்விட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் வையுங்கள். அப்போதுதான் பிசி ரீஸ்டார்ட் ஆகாத வேகத்தில் மாறும்.

கடைசியாகக் கேட்டீர்களே, கேபினட் ஷாக். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள், ஒன்று ஃபேஸில் இருந்தும் ஒன்று நியூட்ரலில் இருந்தும், கேபினட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அதில் கசியும் துளிக் கரன்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் என்றைக்காவது ஃபேஸ் வயர் கேபினட்டில் பட்டுவிட்டால், அதைத் தடுக்க உங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை. கார்டுக்கும் இது நல்லதல்ல. மிதக்கும் கேபினட்டில் இருந்து, எர்த் உள்ள டிவிக்கோ கேபிள் செட்டாப் பாக்ஸோடு இணைந்த டிவிக்கோ எச்டிஎம்ஐ செருகும்போது, அந்த வோல்டேஜ் எச்டிஎம்ஐ போர்ட் வழியாகத்தான் இறங்கப் பார்க்கும். புதுக் கார்டின் போர்ட் போய்விட்டால் வாரன்டியில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். மூன்று பின் உள்ளதுபோல் தெரியும், சுவரில் செருகும் பக்கம் இரண்டு பின்தான் இருக்கும். அதுவே பாதி வீடுகளில் காரணம். அது சரியாக இருந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், 230-ஐ ஒட்டி வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். கோடையில் குழி காய்ந்துபோய் எர்த் வேலை செய்யாமல் போவது சாதாரணம், தண்ணீர் ஊற்றினாலே சில வீடுகளில் சரியாகிவிடும். ஏழாயிரத்தில் ஐநூறை இதற்கு எடுத்து வையுங்கள். எர்த் சரியான பிறகுதான் புதுக் கார்டு.

மாட்டும் அன்று செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே மிச்சம் உள்ள சார்ஜ் இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். புதியது மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிள்களைத் தவிர வேறு எதையும் அதில் செருகக்கூடாது, ஒரே பிராண்டாக இருந்தாலும் சரி. எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. செருக முடியும், ஆனால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்து ஹார்டு டிஸ்க்கை எரித்துவிடும். ப்ராசசருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒன்று போலிருக்கும், பிளஸ் மைனஸ் தலைகீழ். எளிதாக உட்காராத கனெக்டரை அழுத்தி உட்கார வைக்க வேண்டாம்.

கேபினட்டின் கீழே ஜாலி இருந்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். கடல் காற்று உள்ள ஊர், உப்பும் தூசியும் சேர்ந்து படியும், மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டுங்கள். பின்பக்கம் காலியாக உள்ள ஸ்லாட்டுகளுக்கு மூடி போட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் போச்சு என்று வரும் கேஸ்களில் சிலவற்றைத் திறந்தால் உள்ளே கருகிய பல்லிதான் கிடக்கும்! ஆனால் நீங்கள் திறந்து பார்க்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கலாம். புது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் சுற்றவில்லை என்று பதறவும் வேண்டாம், லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்கள் இப்போது நிறைய உண்டு.

எல்லாம் முடிந்ததும் உங்களிடம் உள்ளதிலேயே கனமான கேமை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சாயந்திரம், வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் ஓடவிட்டால் இன்னும் நல்லது. பிசி மொத்தமாகப் படக்கென்று அணைந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அல்லது யுபிஎஸ் மேல். யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். திரை மட்டும் கறுத்து, சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் கார்டின் டிரைவரையும் 16 பின் கனெக்டரையும் பாருங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று காட்டும், அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவு செய்யாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அப்படி ஏதாவது வந்தால் எந்தக் கேம், எத்தனை நிமிடத்தில், யுபிஎஸ் உண்டா இல்லையா என்ற விவரத்தோடு, புது எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கர் போட்டோவையும் சேர்த்து எழுதுங்கள்.